108 பேய்க்கத்திகள், 2 காலாவதி கன்சோல்கள்: ‘முராமாசா’ கேம் ஏன் கைக்குக் கிடைப்பதில்லை?

‘முராமாசா: த டீமன் பிளேடு’. இந்தப் பெயரை உங்கள் கேமிங் நண்பரிடம் சொல்லிப் பாருங்கள். “புது அனிமேவா?” என்று கேட்டாலும் ஆச்சரியமில்லை. 2009-ல் நின்டெண்டோவின் வீ கன்சோலுக்கு வந்த கேம் இது. கையால் வரைந்த ஓவியங்களை அப்படியே ஓடவிட்டது போன்ற அழகு. ஆனால் பிசி, பிளேஸ்டேஷன் 5, ஸ்விட்ச், மொபைல் என எதைத் திறந்து தேடினாலும் வாங்கக் கிடைக்காது. காசு கொடுக்க ஆள் இருந்தும் கடையில் சரக்கு இல்லை. இது எப்படி நடந்தது?

முதலில், இது என்ன மாதிரி கேம்?

சைடு-ஸ்க்ரோலிங் என்றால், ‘சூப்பர் மேரியோ’ போல ஹீரோவைப் பக்கவாட்டில் பார்த்தபடி இடமும் வலமும் ஓட்டுவது. ஹேக் அண்ட் ஸ்லாஷ் என்றால், எதிரில் வருவதை எல்லாம் வெட்டித் தள்ளுவது. இங்கே வெட்டுப்படுவது பெரும்பாலும் பேய்கள், பூதங்கள், ஜப்பானியக் கிராமத்துக் கதைகளில் உலவும் யோகாய்கள். நடுநடுவே நிஞ்ஜாக்களும் சாமுராய்களும் வந்து அடி வாங்கிவிட்டுப் போவார்கள்.

உருவாக்கியது வெனிலாவேர் என்ற சின்ன ஜப்பானிய ஸ்டூடியோ. அதன் தலைவர் ஜார்ஜ் காமிதானி. ஊர் முழுக்க 3டி பின்னால் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், “எங்களுக்கு 2டி போதும்” என்று பிடிவாதமாக உட்கார்ந்து வரைந்த கூட்டம். நெற்கதிர் காற்றில் அசைவது, நிலா வெளிச்சத்தில் மூங்கில் காடு என ஒவ்வொரு காட்சியும் பழைய ஜப்பானிய மரஅச்சு ஓவியம் போல இருக்கும்.

உடம்பு ஒருத்தியுடையது, ஆவி இன்னொருவனுடையது

கதை நடப்பது ஜப்பானின் கென்ரோகு காலத்தில், அதாவது 17-ம் நூற்றாண்டின் கடைசியில். இரண்டு பேரை வைத்து ஆடலாம். ஒருவன் கிசுகே, தான் யாரென்றே மறந்துபோன நிஞ்ஜா. இன்னொருத்தி மொமோஹிமே, ஒரு இளவரசி. சாதுவான பெண். ஆனால் அவளுடைய உடம்புக்குள் புகுந்திருப்பதோ ஜின்குரோ என்ற அடாவடி வாள்வீரனின் ஆவி. வேறு ஒருவன் உடம்பைத் திருடக் கிளம்பியவன், தவறிப்போய் இவளுக்குள் வந்து மாட்டிக்கொள்கிறான்.

நம் ஊர்ப் பேய்ப் படங்களில் பேய் பிடித்தவளைக் காப்பாற்ற யாராவது வருவார்கள் இல்லையா? இங்கே அந்தப் பேயைத்தான் நாம் ஓட்டுகிறோம். ஊரில் உள்ள ஆவிகளை வெட்டுவதும் ஒரு ஆவிதான். இதைப் பெரிய தத்துவமாக்கி கேம் லெக்சர் எடுப்பதில்லை. மொமோஹிமேயின் வாயில் ஜின்குரோவின் திமிர்ப் பேச்சு வரும்போதே உறைத்துவிடுகிறது.

முராமாசா என்பது கற்பனைப் பெயரும் இல்லை. இசே பகுதியைச் சேர்ந்த நிஜமான வாள் கொல்லர் பரம்பரை. அவர்கள் அடித்த வாள்கள் டோகுகாவா ஆட்சியாளர் குடும்பத்துக்கு ஆகாது, ரத்தம் கேட்கும் என்று ஜப்பானில் ஒரு கதை உண்டு. கேம் பிடித்துக்கொண்டது அந்தக் கதையைத்தான்.

அதே காலத்தில் ஆட்சியில் இருந்த டோகுகாவா சுனாயோஷி, உயிர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று சட்டம் போட்டவர். நாய்கள் மேல் காட்டிய அக்கறையால் ‘நாய் ஷோகன்’ என்றே பெயர் வாங்கியவர். கேமில் அவருக்கு நாய்ப் பிசாசு பிடித்திருக்கிறது. இந்தக் குறும்பை யோசித்தவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கலாம்.

கத்திக்கும் பசிக்கும்

மொத்தம் 108 கத்திகள். நமக்கும் பழக்கமான எண்தான். ஜப்பானியப் பௌத்தத்தில் மனித ஆசைகளின் கணக்கு அது. புத்தாண்டுக்கு முந்தைய இரவில் கோயில் மணியை 108 முறை அடிப்பதும் அதனால்தான்.

ஒரு நேரத்தில் மூன்று கத்திகளை இடுப்பில் வைத்துக்கொள்ளலாம். எதிரியின் அடியைத் தடுத்தாலும், ஸ்பெஷல் வித்தை காட்டினாலும் கையில் உள்ள கத்தியின் ஆன்ம சக்தி குறையும். பூஜ்யத்துக்குப் போனால் கத்தி உடையும். உறையில் போட்டால் தானாகவே மெல்ல மெல்லக் குணமாகும். அதனால் ஒன்று ஓய்வெடுக்க, இன்னொன்றை உருவ வேண்டும். சரியான நேரத்தில் மாற்றினால் ஒரே வீச்சில் திரையில் உள்ள அத்தனை எதிரிகள் மேலும் வெட்டு விழும். பட்டனைக் கண்மண் தெரியாமல் அமுக்கினால் மூன்றும் உடைந்து நிராயுதபாணியாக நிற்பீர்கள். பார்க்க பட்டன் அமுக்குற விளையாட்டு மாதிரி இருக்கும், உள்ளே இருப்பது கணக்கு.

புதுக் கத்தி அடிக்க இரண்டு பொருள் வேண்டும். ஒன்று, சேகரித்த ஆன்மாக்கள். இன்னொன்று, சாப்பாட்டிலிருந்து வரும் சக்தி. ஆமாம், சாப்பிட்டால்தான் கத்தி கிடைக்கும்! வழியில் டீக்கடை மாதிரி ஒரு இடத்தில் உட்கார்ந்து டாங்கோ உருண்டையை ஒவ்வொன்றாக முழுங்கலாம். வயிறு நிறைந்தால் அடுத்தது உள்ளே போகாது, காத்திருக்கணும். பேய் வேட்டைக்கு நடுவே இப்படி ஒரு நிதானம் வேறு கேம்களில் அபூர்வம்.

குறையே இல்லையா என்றால், இருக்கு. ஒரே மூங்கில் காட்டை மூன்றாவது முறை கடக்கும்போது அழகு தெரியாது, தூரம்தான் தெரியும். சண்டை இல்லாத வெற்றுப் பாதைகளும் அதிகம். பாஸ் சண்டைகள்தான் இதைச் சரிக்கட்டுகின்றன. இடிக் கடவுள் ராய்ஜின் திரையை அடைத்துக்கொண்டு வந்து நிற்கும்போது நடந்த களைப்பு மறந்துபோகும்.

அப்புறம் ஏன் காணாமல் போச்சு?

வீ, 10 கோடிக்கும் மேல் விற்ற கன்சோல்தான். ஆனால் வாங்கியதில் பெரும்பகுதி டென்னிஸ், பவுலிங் ஆடிய குடும்பங்கள். கையை வீசி ஆடும் கன்சோலில், கையை வீசவே தேவையில்லாத வாள் கேம் ஒன்று வந்தது. பலர் கண்ணில் படவே இல்லை.

இதில் ஒரு இந்தியக் கனெக்‌ஷனும் உண்டு. அமெரிக்காவில் இதை வெளியிட்ட இக்னிஷன் நிறுவனம், அப்போது மும்பையின் யுடிவி குழுமத்தின் கையில் இருந்தது. விக்ரம் நடித்த ‘தாண்டவம்’ படத்தைத் தயாரித்த அதே யுடிவிதான். பிறகு யுடிவி டிஸ்னி வசம் போனது. இக்னிஷன் இன்று இல்லை.

2013-ல் சோனியின் கையடக்க வீட்டா கன்சோலுக்கு ‘முராமாசா ரீபர்த்’ வந்தது. ஆங்கில மொழிபெயர்ப்பைப் புதிதாகச் செய்தார்கள், திரையும் பளிச்சென்று இருந்தது. ஆனால் கன்சோலே ஓடவில்லை. 2019-ல் வீட்டா உற்பத்தி முடிந்தது.

வெனிலாவேரின் மற்ற கேம்களுக்கு மறுபிறவி கிடைத்தது என்பதுதான் உறுத்துகிறது. ‘ஓடின் ஸ்பியர்’, ‘டிராகன்ஸ் கிரவுன்’ இரண்டும் பிளேஸ்டேஷன் 4-க்கு வந்தன. ‘கிரிம்கிரிமோயர்’ ஸ்விட்சுக்கும் வந்தது. அவற்றை வெளியிட்டவை வேறு நிறுவனங்கள், ஜப்பானில் முராமாசாவை வெளியிட்டது மார்வலஸ் என்ற நிறுவனம். கேமை வரைந்தவர்கள் இன்னும் வேலையில்தான் இருக்கிறார்கள், 2024-ல்கூட ‘யூனிகார்ன் ஓவர்லார்டு’ கொடுத்தார்கள். ஆனால் ஒரு பழைய கேமை மறுபடி கடைக்குக் கொண்டுவரும் முடிவு, வரைந்தவர்கள் மட்டும் எடுப்பதில்லை.

இது முராமாசாவின் தலையெழுத்து மட்டுமல்ல. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கிளாசிக் கேம்களில் 87 சதவீதத்தை இன்று முறையாக வாங்க முடியாது.

இப்போ ஆடணும்னா?

பழைய வீ, பழைய டிஸ்க் இரண்டையும் செகண்ட்ஹேண்டில் தேடலாம். வீ டிஸ்குகளுக்கு நாட்டுப் பூட்டு உண்டு, எந்த ஊர் டிஸ்க் என்று பார்த்து வாங்குங்கள். வீட்டாவுக்கு அந்தப் பூட்டு இல்லை, தோதானதும் அதுதான். வீட்டாவின் ஆன்லைன் ஸ்டோரை 2021-ல் மூடப்போவதாக சோனி அறிவித்து, ரசிகர்கள் சத்தம் போட்டதும் பின்வாங்கியது. ஆனாலும் அங்கே கார்டைத் தட்டி நேரடியாகப் பணம் கட்டும் வசதி அந்த ஆண்டே போய்விட்டது. வாலட்டில் முன்கூட்டியே பணம் போட்டிருக்க வேண்டும்.

வீட்டா பதிப்புக்கு நான்கு கூடுதல் கதைகள் வந்தன. அதில் ஒன்று, வரிக்கொடுமை தாங்காமல் கிளர்ச்சியில் இறங்கும் கோன்பே என்ற விவசாயியின் கதை. கையில் சாமுராய் வாள் கிடையாது, மண்வெட்டி போன்ற விவசாயக் கருவிகள்தான். செத்துப்போன மனைவி ஆவியாக வந்து துணை நிற்கிறாள். மொத்தக் கேமிலும் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. ஆங்கிலப் பதிப்பின் கேம் கார்டில் இந்தக் கதை கிடையாது. தனியாக டவுன்லோடு செய்ய வேண்டும், சோனி மூடப்போவதாக ஒருமுறை சொன்ன அதே ஸ்டோரிலிருந்து.