பெயரைச் சொல்லாதே, பைக்!

பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் கேப்டன், பின்னால் பழிவாங்குவதற்காக ஆட்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டிருக்கிறான். ஹிட்லரைக் கேலி செய்து பாடிய பையனிடம், "உன் பெயர் என்ன?" என்கிறான். பதறிப்போன ஊர்க்காவல் படைத் தலைவர் மெயின்வாரிங் கத்துகிறார்: "சொல்லாதே, பைக்!"

1973இல் ஒளிபரப்பான இந்தக் காட்சிக்கு, அடுத்த வசனம் மனப்பாடமாகத் தெரிந்தும் இன்றுவரை விழுந்து விழுந்து சிரிக்கும் ரசிகர்கள் பிரிட்டனில் ஏராளம். இந்தக் காட்சி வரும் பிபிசியின் 'டாட்ஸ் ஆர்மி' நகைச்சுவைத் தொடர் 1968 முதல் 1977 வரை 80 பகுதிகளாக வந்தது. இரண்டாம் உலகப் போரில் ஊர்க்காவலுக்குத் திரண்ட வயசாளிகளின் கதை. எழுதியவர்களில் ஒருவரான ஜிம்மி பெர்ரி, சிறுவயதில் அந்தப் படையில் இருந்தவர். தொடரில் சாதுவான காட்ஃப்ரே என்ற பாத்திரமாக நடித்த ஆர்னால்ட் ரிட்லியோ முதல் உலகப் போரில் நிஜமாகவே காயம்பட்டவர்.

சிரிப்பின் ஊற்று போரில் இல்லை, அந்தஸ்தில்தான். மெயின்வாரிங் வங்கி மேலாளர். முட்டி மோதி மேலே வந்தவர். அவருக்குக் கீழே வேலை பார்க்கும் வில்சனோ பெரிய இடத்துப் பிள்ளை. வில்சன் மெல்லிய குரலில், "இது புத்திசாலித்தனம்தானா, சார்?" என்று கேட்டால் போதும், மெயின்வாரிங் முகம் சிவந்துவிடும்.

அந்தக் காலத்தில் பிபிசி பழைய நாடாக்களை அழித்துவிட்டு மறுபடி பயன்படுத்தியது. (எத்தனை பொக்கிஷங்கள் போயினவோ!) இந்தத் தொடரின் தொலைந்த இரண்டு பகுதிகள் 2001இல் கிடைத்தன. மூன்று பகுதிகளை ரசிகர்கள் இன்னும் தேடுகிறார்கள். தொடரின் வெளிப்புறக் காட்சிகள் படமாக்கப்பட்ட தெட்ஃபோர்டு நகரில் 2010 முதல் மெயின்வாரிங் சிலையாக பெஞ்சில் அமர்ந்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம்.