ஐம்பது மீற்றர்

“எவ்வளவு தூரம் நடப்பியள் அம்மா?”

“ஏன், கோயில் சுத்துவன்தானே.”

லண்டனில் எங்கள் சமையலறை மேசையில் நடக்கக் கஷ்டப்படுகிறவர்களுக்கான கார் நிறுத்தச் சலுகை அட்டையான புளூ பாட்ஜின் விண்ணப்பத்தை விரித்து வைத்திருந்தேன். அம்மா சுற்றுவது ஒரே ஒரு தரம். அதற்குள் இரண்டு இடத்தில் தூணைப் பிடித்து நிற்பார். கேட்டால், சாமியைப் பார்க்க நின்றாராம்.

இந்த அட்டையின் பிறப்பு 1970இல். மான்செஸ்டர் எம்.பி. ஆல்ஃப் மொரிஸ் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்த சட்டத்தின் 21ஆவது பிரிவுதான் அதற்கு வழிசெய்தது. முதல் உலகப்போரில் ஊனப்பட்டுத் திரும்பிய தகப்பனைப் பார்த்து வளர்ந்தவர் அவர். அடுத்த ஆண்டே செம்மஞ்சள் அட்டை வந்தது. அதற்கு முன்பே நடக்க முடியாதவர்களுக்கு அரசு இளநீல மூன்று சில்லு வண்டி கொடுத்துவந்தது. அதில் ஒரே ஒரு இருக்கை. மனைவியைக்கூட ஏற்ற முடியாது. அட்டை அப்படியல்ல. அது வண்டிக்கு உரியதல்ல, ஆளுக்கு உரியது. கார் ஓட்டவே தெரியாத அம்மாவும் கேட்கலாம்.

அன்றைக்குக் கால்தான் பெரும்பாலும் கணக்கு. குடும்ப டொக்டர் ‘இவருக்கு நடக்கக் கஷ்டம்’ என்று எழுதிக் கொடுத்தால் பல இடங்களில் வேலை முடிந்துவிடும். கட்டணம் 2 பவுண். அட்டையைக் கையால் எழுதித் தருவார்கள். 2000இல் ஐரோப்பாவுக்குப் பொதுவான வடிவத்தில் நிறம் நீலமானது. கையெழுத்து அட்டையைப் போலியாக அடிப்பது சுலபம் என்பதால் 2012இல் முத்திரையும் மின்னும் படமும் உள்ள பிளாஸ்டிக் வந்தது. இங்கிலாந்தில் கட்டணம் 10 பவுண் வரை ஏறியது. டொக்டரின் கடிதத்துக்குப் பதிலாக, நம்மை முன்பின் தெரியாத ஒருவர் நடக்கவிட்டுப் பார்க்கும் முறையும் பரவியது. டொக்டருக்கு நம்மில் இரக்கம் இருக்கும் என்பதுதான் இதற்குக் காரணம். நியாயம்தான், ஆனால் கொஞ்சம் கசக்கிறது.

பெரிய மாற்றம் 2019 ஆகஸ்ட் 30இல் வந்தது. வெளியே தெரியாத குறைபாடுகளையும் அன்றிலிருந்து இங்கிலாந்து கணக்கில் எடுத்தது. எங்கள் தெருவில் ஓட்டிசம் உள்ள பையன் ஒருவன் இருக்கிறான். என்னைவிட வேகமாக ஓடுவான், பிரச்சினையே அதுதான். கார்க் கதவு திறந்தால் வாகனங்களுக்கு நடுவே பாய்ந்துவிடுவான். அதற்கு முந்திய ஆண்டுகளில் தாய் விண்ணப்பித்தபோது, பிள்ளை நன்றாக நடக்கிறான் என்று கவுன்சில் மறுத்துவிட்டது. இப்போது அவனிடம் அட்டை இருக்கிறது. கால் எப்படி என்பதோடு, வழியில் உனக்கு என்ன நடக்கிறது என்றும் விண்ணப்பம் கேட்கத் தொடங்கிவிட்டது.

ஆனாலும் எல்லாருக்கும் இலகுவாகவில்லை. குறைபாடு உள்ளவர்களுக்கு அரசு தரும் ‘பிப்’ உதவித்தொகையில், 50 மீற்றருக்கு மேல் நடக்க முடியாது என்று நடமாட்டத்துக்கு 8 புள்ளி கிடைத்தவருக்கு மேற்கொண்டு சோதனை இல்லை. ஆனால் அம்மாவைப்போல் ஓய்வூதிய வயதைத் தாண்டியபின் ‘பிப்’புக்குப் புதிதாக விண்ணப்பிக்க முடியாது. அம்மாவுக்குக் கிடைக்கும் பராமரிப்புத் தொகையில் நடமாட்டப் பகுதியே கிடையாது. அதனால் முழுக் கதையையும் எழுதத்தான் வேண்டும்: எத்தனை அடியில் மூச்சு வாங்குகிறது, எதைப் பிடிக்கிறார், வலி தணிய எவ்வளவு நேரம். சுகமா என்று யார் கேட்டாலும் சுகம் என்றே சொல்லிப் பழகிய சனத்துக்கு இதைவிடக் கடினமான பரீட்சை கிடையாது. கோயில் தூண்களையும் எழுதினேன். வாசித்துக் காட்டச் சொன்னார்.

“இப்பிடியே எழுதுறது? நான் படுக்கையில கிடக்கிறன் எண்டெல்லோ நினைப்பினம்.”

அம்மாவின் நடையை நேரில் பார்க்கக் கவுன்சிலில் கூப்பிட்டார்கள். காத்திருந்த கதிரையிலிருந்து அறைவாசல் வரை நடந்ததையே சோதிக்கும் பெண் கவனித்திருக்கிறார். அம்மா அதை அறியாமல், உள்ளே போனபின் நிமிர்ந்து நடந்து காட்டினார்.

அட்டை தபாலில் வந்தது. பெரும்பாலான இடங்களில் மஞ்சள் கோட்டில் 3 மணித்தியாலம் நிறுத்தலாம். கூடவே வைக்கும் மணிக்கூட்டு அட்டையைத் திருப்பி நேரம் வைப்பது இப்போது அம்மாவின் வேலை. முதல் நாள் காரின் முன்தட்டில் நான் அட்டையை வைக்கும்போது கையைப் பிடித்தார்.

“படம் கீழ இருக்கட்டும். ஆக்கள் பாப்பினம்.”

விதியும் அப்படித்தான் சொல்கிறது என்றேன். நம்பவில்லை.