31 கோல் வாங்கிய அணி

பிள்ளைகளே, பள்ளி மைதானத்தில் எதிரணி ஐந்து கோல் போட்டுவிட்டாலே உங்கள் முகம் வாடிவிடுகிறது அல்லவா? சர்வதேசப் போட்டி ஒன்றில், ஒரே ஆட்டத்தில் 31 கோல் வாங்கிய அணி ஒன்று உண்டு. அதன் கதையைக் கேளுங்கள்.

பசிபிக் பெருங்கடலில் அமெரிக்க சமோவா என்ற சிறிய தீவுக்கூட்டம் இருக்கிறது. அமெரிக்காவின் ஆட்சிக்கு உட்பட்ட பகுதி அது. மக்கள்தொகை சுமார் 50 ஆயிரம்தான். ஆனாலும் கால்பந்தில் அதற்குத் தனி அணி உண்டு. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவில் 1998-ஆம் ஆண்டு இடம் கிடைத்தது.

2001-ஆம் ஆண்டு ஏப்ரல் 11. உலகக் கோப்பைக்கான தகுதிச்சுற்று. எதிரே பலம் வாய்ந்த ஆஸ்திரேலியா. இடம், அந்நாட்டின் காஃப்ஸ் ஹார்பர் நகரம். அமெரிக்க சமோவாவுக்கோ பெரிய சோதனை! பாஸ்போர்ட் சிக்கலால், முதலில் தேர்வான வீரர்களில் கோல் கீப்பர் நிக்கி சலாப்பு மட்டுமே ஆட முடிந்தது. 20 வயதுக்கு உட்பட்ட வீரர்களை அழைக்கலாம் என்றால், பலருக்குப் பள்ளித் தேர்வு! கடைசியில் கிடைத்தவர்களைச் சேர்த்து அணி அமைத்தார்கள். அவர்களில் மூன்று பேருக்கு வயது 15.

இடைவேளையின்போது ஆஸ்திரேலியா 16 கோல். ஆட்டம் முடிந்தபோது 31. அமெரிக்க சமோவா பூஜ்யம். ஆர்ச்சி தாம்சன் என்ற ஒரே வீரர் 13 கோல் போட்டார். 90 நிமிடத்தை 31-ஆல் வகுத்துப் பாருங்கள். மூன்று நிமிடத்துக்கு ஒரு கோலுக்கும் மேல்! ஆண்கள் சர்வதேசக் கால்பந்தில் இன்றுவரை இதுவே மிகப் பெரிய தோல்வி.

கோல் கீப்பர் சலாப்புவை நினைத்துப் பாருங்கள். அப்போது அவருக்கு வயது 20. வலைக்குள் கிடக்கும் பந்தை 31 முறை எடுத்துக் கொடுப்பது எவ்வளவு வேதனை! அதன் பிறகும் அணிக்குத் தோல்விமேல் தோல்வி. உலகத் தரவரிசையிலும் கடைசி இடம்.

2011-ஆம் ஆண்டு தாமஸ் ரோங்கன் என்பவர் பயிற்சியாளராக வந்தார். நெதர்லாந்தில் பிறந்தவர். அடுத்த தகுதிச்சுற்றுக்கு மூன்றே வாரம்தான் இருந்தது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வாழ்ந்துவந்த சலாப்புவும் அணிக்குத் திரும்பினார். பத்து ஆண்டுகளாக ஊரே பேசிய அந்த 31 கோல் அவர் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது.

நவம்பர் 22. அண்டை நாடான சமோவாவில், டோங்கா அணியுடன் ஆட்டம். ராமின் ஓட் முதல் கோல் போட்டார். ஷாலோம் லுவானி இரண்டாவது கோல் போட்டார். முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது டோங்கா ஒரு கோல் திருப்பியது. எல்லோருக்கும் பதைபதைப்பு! ஆனால் அதற்குமேல் பந்து வலைக்குள் போகவில்லை. 2-1 என்று வெற்றி! ஃபிஃபா அங்கீகரித்த ஆட்டங்களில் அந்த அணியின் முதல் வெற்றி அதுதான்.

அடுத்து குக் தீவுகளுடன் 1-1 என்று சமன் செய்தார்கள். சமோவாவிடம் ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றார்கள். அடுத்த சுற்றுக்குப் போகவில்லை. அதனால் என்ன?

31 கோல் பதிவேட்டிலிருந்து அழியப்போவதில்லை. ஆனால் அதே பதிவேட்டில், பத்து ஆண்டு தள்ளி, ஒரு வெற்றியும் இருக்கிறது. சலாப்பு மறுபடியும் கோல் கம்பத்தின் முன் வந்து நின்றதால், அந்த வெற்றியில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

அடுத்த முறை நீங்கள் தோற்றால், பந்தை எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்குப் போய்விடாதீர்கள். மறுநாள் மாலை மைதானத்துக்கு வந்துவிடுங்கள், சரிதானே?