அறுபதுக்குப் பிறகு கரணையும் சைக்கிளும்

தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி பழனிக்கு நடக்கத் தொடங்கிய கதையைச் சொல்பவர்கள் செட்டிநாட்டு ஊரான நெற்குப்பையிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். உப்பு வணிகரான குமரப்பன் என்ற இவ்வூர்க்காரர் தொடங்கிய வழக்கம் அது என்பது செவிவழிச் செய்தி. நத்தம், திண்டுக்கல் வழியாகப் பல நாள் நடை. காவடியோடு திரும்பி வருவதும் நடந்தேதான். கூட்டத்தில் எழுபதைத் தாண்டியவர்களும் உண்டு. வயதாகிவிட்டது என்று அவர்களை யாரும் தடுப்பதில்லை. வேண்டுதல் என்று வந்துவிட்டால் முதிய உடம்பு தாங்கும் என்று நம்புகிற இதே செட்டிநாடு, அறுபதாம் சாந்தி முடிந்த கையோடு அதே மனிதரிடமிருந்து சைக்கிளையும் மண்வெட்டியையும் வாங்கி மூலையில் வைத்துவிடுகிறது. ‘இனி எதுக்கு அப்பச்சி இதெல்லாம்’ என்று பிள்ளைகள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த அன்பே ஆளைச் சீக்கிரம் படுக்கையில் தள்ளுகிறது. முதுமையில் வலு குறைவதற்கு வயது ஒரு காரணம் என்றால், உடம்புக்கு வேலை கொடுக்காமல் விடுவது அதற்குக் குறையாத இன்னொரு காரணம்.

இதற்குச் சான்று இருக்கிறது. பாஸ்டன் நகரில் முதியோர் இல்லத்தில் இருந்த, தொண்ணூறு வயதை ஒட்டிய நலிந்த முதியவர்களுக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 1990இல் வெளியானது: பயிற்சியை முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. பிரான்சின் ராபர்ட் மார்ஷான் 2012இல், நூறு வயதில், ஒரு மணி நேரத்தில் 24.25 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டினார். இரண்டு ஆண்டு முறையான பயிற்சிக்குப் பிறகு 2014இல் அதே ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 27 கிலோமீட்டர் ஓட்டினார். உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறனும் இடையில் 13 சதவீதம் உயர்ந்திருந்தது. பிரிட்டனில் நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டும் 55 முதல் 79 வயதுவரையுள்ள 125 பேரை ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட முடிவும் இதே திசையைக் காட்டுகிறது: அவர்களுடைய நோய் எதிர்ப்புச் செல்களின் உற்பத்தி, உடற்பயிற்சியே செய்யாத அதே வயதுக்காரர்களைவிட நல்ல நிலையில் இருந்தது. இயல்பிலேயே ஆரோக்கியமாக இருப்பவர்கள்தானே அந்த வயதில் சைக்கிள் ஓட்டுவார்கள் என்று கேட்கலாம். பிரிட்டன் ஆய்வைப் பொறுத்தவரை அது நியாயமான கேள்வி. பாஸ்டன் முதியவர்களிடம் அது செல்லாது. அவர்கள் நலிந்தவர்களாக இருந்துதான் தேறினார்கள்.

ஆனாலும் சைக்கிள் மட்டும் போதாது. சைக்கிளில் நம் எடையை இருக்கை தாங்கிக்கொள்கிறது. மூட்டுக்கு அது நல்லதுதான், எலும்புக்கு ஊட்டமில்லை. வருடக்கணக்கில் சைக்கிள் மட்டுமே ஓட்டுபவர்களுக்கு எலும்பு அடர்த்தி குறைவதும் உண்டு. தோளுக்கும் கைக்கும் அதில் பெரிதாக வேலை கிடையாது. அந்தக் குறையை நிரப்பத்தான் வீட்டு வேலை. அதிலும் செட்டிநாட்டு வீட்டு வேலை. உள்முற்ற வளவில் பெயர்ந்துபோன நாலு ஆத்தங்குடித் தரைக்கல்லை மாற்றுவதை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சாந்தைக் கொத்தி எடுக்க வேண்டும், மணலைச் சலிக்க வேண்டும், சாந்துச் சட்டியைத் தூக்கி வர வேண்டும். குந்தி உட்கார்ந்து கரணையால் சாந்தைப் பரப்பி, கல்லைப் பதித்து, மெல்லத் தட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, எழுந்து, அடுத்த கல்லுக்காக மறுபடி குந்த வேண்டும். நாற்காலியிலிருந்து அரை நிமிடத்தில் எத்தனை முறை எழ முடிகிறது என்பதை வைத்து முதியவர்களின் கால் வலுவை மருத்துவர்கள் அளக்கிறார்கள். கல் பதிப்பவர் அதைவிடக் கடினமான ஒன்றை மணிக்கணக்கில் செய்துகொண்டிருக்கிறார், மூளையும் சும்மா இருப்பதில்லை. அறுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடல் உழைப்பு, இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் வேலை, மூன்று நாள் சமநிலைப் பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. சைக்கிளும் கரணையும் சேர்ந்தால் இதில் பெரும்பகுதி ஈடேறிவிடும்.

அப்படியானால் கொத்தனாரும் சித்தாளும் அல்லவா நீண்ட நாள் நோயில்லாமல் வாழ வேண்டும் என்பது இந்த வாதத்துக்கு வரக்கூடிய மிக வலுவான மறுப்பு. கூலிக்கு உடம்பை முறிப்பவர்கள் ஐம்பதிலேயே தளர்ந்துபோவதை நாம் அன்றாடம் பார்க்கிறோம். ஓய்வு நேரத்தில் செய்யும் உடற்பயிற்சி தரும் நன்மையைப் பிழைப்புக்காகச் செய்யும் கடின உழைப்பு தருவதில்லை என்று டென்மார்க் ஆய்வாளர்களும் காட்டியிருக்கிறார்கள். காரணம் விளங்காத ஒன்றல்ல. கூலியாள் நினைத்த நேரத்தில் உட்கார முடியாது. வெயில் ஏறினாலும் இறங்க முடியாது, மறுநாள் உடம்பு வலித்தாலும் வந்தாக வேண்டும். தன் வீட்டுச் சுவரைத் தானே பூசுபவர் பத்து மணிக்கு நிறுத்தலாம், மாதத்துக்கு ஒரு சுவர் முடித்தாலும் கேட்க ஆளில்லை. வேலை அதேதான், நலம் தருவது அந்தச் சுதந்திரமும் இடையிடையே கிடைக்கும் ஓய்வும். அதனால் முதியவர் வீட்டு வேலை செய்வதைப் பற்றிப் பேசும்போது, கொத்தனாருக்கு அந்த ஓய்வு ஏன் கிடைப்பதில்லை என்பதையும் நாம் பேசியாக வேண்டும். ஒரு எல்லையும் உண்டு. கூரையேறி ஓடு மாற்றுவதும் சாரத்தில் நிற்பதும் முதியவருக்கான வேலையல்ல. விழுந்து இடுப்பு முறிந்தால் மேலே சொன்ன கணக்கு எல்லாம் பொய்த்துவிடும்.

இது ஆண்களுக்கு மட்டுமான யோசனையும் அல்ல. நெற்குப்பையை ஒட்டியிருக்கும் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் ஷீலாராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். அன்று முப்பது வயதில் கற்றவர்களுக்கு இன்று அறுபதுக்கு மேல் ஆகிறது. சைக்கிள் பழக்கம் கால்களுக்கு மறப்பதில்லை. நெடுந்தூர சைக்கிள் பயணம் என்றதும் 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் கடக்கும் ‘பிரவே’ பயணத்தை நினைத்து மலைக்கவும் வேண்டாம். முதலில் இதயத்தையும் இரத்த அழுத்தத்தையும் மருத்துவரிடம் பார்த்துக்கொள்ள வேண்டும். காலை உயர்த்தாமல் ஏற வசதியாகக் குறுக்குக் கம்பி தாழ்ந்த சைக்கிள் ஒன்றும், நிறுத்தும்போது பாதம் தரையில் படும் உயரத்தில் இருக்கையும் அமைந்தால், வெயிலுக்கு முன்னே பொன்னமராவதி வரை போய்வரலாம். அது சிரமமில்லாமல் ஆன பிறகு பிள்ளையார்பட்டி, அதன் பிறகு குன்றக்குடி என்று தூரத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம்.