கூரையில் இடும் முதல் எப்பொழுது திரும்பும்?

கவரைப்பேட்டையிலும் அதனைச் சூழ்ந்த கும்மிடிப்பூண்டி வட்டாரத்துச் சிற்றூர்களிலும், வீட்டு மாடியில் சூரியத் தகடு அமைக்க விரும்புவோர் முதலில் கேட்பது, போட்ட பணம் எத்தனை ஆண்டில் கைக்கு வரும் என்பதே. தகடு விற்போர் இதற்கு ஒரே விடை கூறுவதுண்டு. ஆனால் விடை ஒன்றன்று. அது தகட்டில் இல்லை; அவரவர் செலுத்தும் மின் கட்டணத்தில் இருக்கிறது.

நம் மாநிலத்து வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் மின்சாரம் தரும். அதற்கு நூறு சதுர அடி அளவில் நிழல் விழாத மாடி வேண்டும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதம மந்திரி சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டத்தில், முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 50,000 ரூபாய் விலை என மதிப்பிட்டு, கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம் வகுத்தனர். மூன்றாம் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். ஆக 78,000 ரூபாய் உச்ச வரம்பு.

இனி இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். 2024 சூலையில் நடைமுறைக்கு வந்த கட்டணத்தையே அடிப்படையாகக் கொள்வோம். கட்டணம் மாறினால் கணக்கும் மாறும்.

முதல் வீட்டில் இரு மாதங்களுக்கு 600 யூனிட் செலவாகிறது. 100 யூனிட் இலவசம் போகக் கட்டணம் 2,800 ரூபாய்க்கு மேல் வரும். இரண்டு கிலோவாட் தகடு இரு மாதங்களில் 480 யூனிட் தருமாகையால், மீதம் 120 யூனிட்டுக்கே கணக்கு. அதற்குச் செலுத்துவது ஐம்பது ரூபாய் அளவில் நிற்கும். ஆண்டுக்கு மிச்சம் ஏறக்குறைய 17,000 ரூபாய். மானியம் போகக் கைப்பணம் 40,000 எனில் இரண்டரை ஆண்டில் முதல் திரும்பும். கடைவிலை கூடி 70,000 ஆனாலும் நான்கு ஆண்டுகளே.

இரண்டாம் வீட்டில் 200 யூனிட் செலவு. கட்டணம் சுமார் 240 ரூபாய், ஆண்டுக்கு 1,440. ஒரு கிலோவாட் தகட்டுக்கு மானியம் போக 20,000 ரூபாய் போட்டால், அது திரும்பப் பதினான்கு ஆண்டுகள் ஆகும். கைப்பணம் 35,000 ஆகிவிடில் இருபத்து நான்கு ஆண்டுகள்! தகட்டுக்கு உத்தரவாதமே பெரும்பாலும் இருபத்தைந்து ஆண்டுகள்தாம். அதற்குள் இன்வர்ட்டரை ஒரு முறையேனும் மாற்ற நேரும். எனவே சிறு குடும்பத்தினர் அவசரப்பட வேண்டுவதில்லை என்பதே நமது கருத்து. 100 யூனிட்டுக்குள் அடங்குவோர்க்குத் திரும்ப வேண்டிய தொகை என்று ஒன்றே இல்லை.

பம்பு செட்டுக்கும் இதே அளவுகோல்தான். இலவச மின் இணைப்புள்ள கிணற்றில் தகடு வைப்பதால் பணம் மிச்சப்படாது. பகலில் தடையின்றி நீர் கிடைக்கும் என்ற சௌகரியம் மட்டும் உண்டு. இணைப்பின்றி டீசல் எஞ்சினால் இறைப்பவர் நிலை வேறு. மணிக்கு ஒரு லிட்டர் வீதம் ஆண்டுக்கு 600 மணி இறைத்தால், லிட்டர் 90 ரூபாய் எனக் கொண்டாலும் 54,000 ரூபாய் புகையாகப் போகிறது. 2019 இல் வந்த பி.எம். குசும் திட்டத்தில் மத்திய, மாநில அரசுகள் தலா 30 சதவிகிதம் மானியம் என வகுக்கப்பட்டது. பம்பின் விலை மூன்றரை இலட்சமானால் விவசாயியின் பங்கு 1,40,000. மூன்று ஆண்டுக்குள் டீசல் செலவிலேயே அது ஈடாகும். மானியத்தின் தற்போதைய நிலையை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரித்தறிந்தபின் முன்பணம் கொடுத்தல் நலம்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. மின் வாரியக் கம்பியோடு இணைத்த தகடு, பாட்டரி இல்லாவிடில், மின்தடையின்போது தானும் நின்றுவிடும். பழுது பார்க்கும் தொழிலாளியின் உயிரைக் காக்கவே இவ்வேற்பாடு. இதனை அறியாது வாங்கி ஏமாற்றமடைவோர் பலர். மற்றொன்று காற்று. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையை ஒட்டிக் கரை கடந்ததை நம் பகுதியினர் மறந்திரார். தாங்கிச் சட்டங்களைக் கான்கிரீட்டில் உறுதியாகப் பிணைக்க ஆகும் செலவைக் குறைத்தல் கூடாது. நெடுஞ்சாலையும் தொழிற்சாலைகளும் சூழ்ந்த இவ்விடத்தில் தூசியும் மிகுதி; அடிக்கடி நீர்விட்டுக் கழுவாவிடில் விளைச்சல் குறையும்.

ஊராட்சிகளுக்கு வீட்டு இணைப்புக்குரிய இலவச யூனிட் இல்லை. தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் ஊராட்சி நிதியே செலவாகிறது. கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி இச்சுமையை இறக்க 2006 இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. விலை 1 கோடியே 55 இலட்சம். அதில் 1 கோடியே 15 இலட்சம் வங்கிக் கடன். தன் தேவைக்கு மிஞ்சிய மின்சாரத்தை வாரியத்துக்கு விற்று வந்த வருவாய் கடனடைக்க உதவிற்று. காற்று வளம் நம்மிடம் அவ்வளவு இல்லை, வெயில் உண்டு. தெருவிளக்கு இரவில் எரிவது. பாட்டரி வேண்டும், அதனைச் சில ஆண்டுகளுக்கொரு முறை மாற்றவும் வேண்டும். மேல்நிலைத் தொட்டி மோட்டாரோ பகலிலேயே ஓடக்கூடியது. ஆதலின் முதலில் அந்த மோட்டாரின் ஓராண்டு மின் கட்டண இரசீதுகளைத் திரட்டிக் கூட்டி, விலைப்புள்ளியோடு மன்றக் கூட்டத்தில் வைத்துப் பார்க்கலாம்.