வாங்கும் விலை ஒரு நாள், ஓட்டும் செலவு பல வருடம்
ஐஸ் சறுக்கு அரங்கம் நமக்குச் சொல்லும் பாடம்



சித்திரை வெயிலில் கணியூர் கடைவீதியில் எந்த மளிகைக்கடை வாசலில் நின்றாலும் ஒரு ஐஸ்கிரீம் பெட்டியோ பால், மோர் வைக்கும் குளிர்பெட்டியோ கண்ணில் படுகிறது. பத்து வருடத்துக்கு மேல் உழைத்த பெட்டி ஒருநாள் உறுமத் தொடங்கும். மெக்கானிக் வந்து கேஸ் நிரப்புவார். இரண்டு மாதத்தில் மறுபடி உறுமும். "இதை இன்னும் ஓட்டலாமா, புதுசு வாங்கிடலாமா? பழசே நல்லதாக் கிடைக்குமா?" என்ற கேள்வி அப்போதுதான் வரும். நம்மில் பலர் இந்தக் கேள்வியை அவசரத்தில், விலையை மட்டும் பார்த்துத் தீர்த்துக்கொள்கிறோம்.

இதே கேள்வியை மிகப்பெரிய அளவில் சந்திக்கும் ஓர் இடம் உண்டு. அதுதான் ஐஸ் சறுக்கு அரங்கம். "ஏனுங்க, ஐஸ் மேல சறுக்கறதுக்கும் நம்ம கடைக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்கத் தோன்றும். கட்டுரையை முடிக்கும்போது அந்தச் சம்பந்தம் விளங்கிவிடும்.

44 சென்ட் நிலத்தில் ஒரு ஐஸ் பெட்டி

சர்வதேச அளவிலான ஐஸ் அரங்கு 60 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. மொத்தம் 1,800 சதுர மீட்டர். நம் கணக்கில் ஏறத்தாழ 44 சென்ட். அத்தனை பரப்பிலும் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான தடிமனில் ஐஸ் உறைந்து நிற்க வேண்டும். தரைக்கு அடியில் குழாய்கள் ஓடும். அவற்றில் குளிர்ந்த உப்புநீரோ அதுபோன்ற திரவமோ சுற்றிவரும். பக்கத்து அறையில் பெரிய கம்ப்ரசர்கள் இயங்கும். ஐஸ்கிரீம் பெட்டியை மூடி இல்லாமல் 44 சென்ட் அளவுக்கு விரித்துப் போட்டதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் சிம்லாவில் 1920 முதல் ஓர் அரங்கு இருக்கிறது. அது இயற்கை ஐஸை நம்பி வளர்ந்தது. குளிர்கால மாலையில் தண்ணீரைப் பரப்பி விடுவார்கள், விடிவதற்குள் அது உறைந்திருக்கும். கரண்ட் செலவு கிடையாது. ஆனால் வானம் ஒத்துழைக்கவில்லை என்றால் சறுக்கலும் கிடையாது.

டேராடூன் கதை வேறு. 2011 ஜனவரியில் நடந்த தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காக அங்கே பல கோடி ரூபாயில் உள்ளரங்க ஐஸ் அரங்கு ஒன்று எழுப்பப்பட்டது. அதன் பெயர் ஹிமாத்ரி. போட்டிகள் சிறப்பாக நடந்தன. அதன்பின் மின்கட்டணமும் பராமரிப்புச் செலவும் தாங்காமல் பத்தாண்டுக்கும் மேலாக அரங்கு பயனின்றிக் கிடந்தது. நம் நாட்டுச் சறுக்கு வீரர்கள் பயிற்சிக்காக வெளிநாடு போக வேண்டியிருந்தது. 2025-ல்தான் அரங்கு புதுப்பிக்கப்பட்டு, ஆகஸ்டில் ஆசிய ஓபன் வேகச்சறுக்குப் போட்டி அங்கே நடைபெற்றது. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசிய கதை இது. யானை விலைக்குப் பணம் இருந்தது, தீனிக்குத்தான் யாரும் கணக்குப் போடவில்லை.

ஐஸ் வியாபாரி கண்டுபிடித்த இயந்திரம்

ஐஸ் உறைந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. ஒரு மணி நேரம் ஐம்பது பேர் சறுக்கினால் இரும்புக் கத்திகள் கீறிக் கீறித் தளம் முழுக்கப் பள்ளமும் பொடியுமாகிவிடும். அதைச் சீவி, கழுவி, புதுத் தண்ணீர் பூசி மறுபடி கண்ணாடிபோல் ஆக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பல முறை இந்த வேலை நடக்கும்.

இதற்கான இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் நம்மைப் போன்ற ஒரு வியாபாரி. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த பிராங்க் சாம்போனி, தம்பி லாரன்சுடன் சேர்ந்து ஐஸ் கட்டி தயாரிக்கும் தொழிற்சாலை நடத்தியவர். வீட்டுக்கு வீடு குளிர்சாதனப் பெட்டி வரத் தொடங்கியதும் ஐஸ் கட்டிக்குக் கிராக்கி குறைந்தது. சென்னையிலும் முன்பு இதேதான் நடந்தது. 1842-ல் கட்டப்பட்ட ஐஸ் ஹவுசுக்கு அமெரிக்காவிலிருந்து கப்பலில் ஐஸ் வந்து இறங்கியது. உள்ளூரிலேயே இயந்திரத்தால் ஐஸ் செய்யத் தொடங்கியதும் அந்த வியாபாரம் படுத்தது. சாம்போனி சகோதரர்கள் கடையை மூடவில்லை. தங்களிடம் இருந்த குளிர்சாதன அனுபவத்தைக் கொண்டு 1940-ல் ஒரு சறுக்கு அரங்கைத் திறந்தார்கள்.

அப்போது ஒருமுறை தளத்தைச் சீர்செய்ய, டிராக்டரில் சுரண்டும் கருவியைப் பூட்டி, பின்னால் மூன்று நான்கு ஆட்கள் அள்ளி, கழுவி, தண்ணீர் தெளிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை வாடிக்கையாளர் காத்திருக்க வேண்டும். கல்லாவில் காசு விழாது. பல வருட முயற்சிக்குப் பின், போர்க்காலத்தில் மிஞ்சிய வாகன உறுப்புகளையும் சேர்த்துப் பூட்டி, 1949-ல் சாம்போனி ஓர் இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார். ஒரே ஆள் ஓட்ட, சுமார் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. கோவைப் பட்டறைகளில் நம்மவர்கள் செய்யும் வேலைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அதன் வேலை எளிது. அடியில் உள்ள நீண்ட பிளேடு ஐஸை மெல்லிசாகச் சீவும். திருகு போன்ற தண்டு அந்தப் பொடியை அள்ளித் தொட்டியில் போடும். பின்னால் உள்ள துணி வெந்நீரைப் பூசிக்கொண்டே போகும். ஐஸுக்கு வெந்நீரா என்று வியக்க வேண்டாம். வெந்நீர் மேல்பரப்பைச் சற்று உருக்கிக் கீறலில் இறங்கி நன்றாகப் பிடித்துக்கொள்ளும். அதில் கரைந்துள்ள காற்றும் குறைவு. அதனால் ஐஸ் கெட்டியாகவும் தெளிவாகவும் உறையும்.

சீவுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. தண்ணீர் ஊற்ற ஊற்ற ஐஸ் தடித்துக்கொண்டே போகும். தடித்த ஐஸ் வழியாகக் கீழே உள்ள குளிர் மேலே வரச் சிரமப்படும், கம்ப்ரசர் கூடுதலாக ஓடும். நம் பிரீசர் சுவரில் விரல் தடிமனுக்கு உறைபனி படிந்தாலும் கரண்ட் இப்படித்தான் வீணாகிறது.

மாற்று இயந்திரம் வாங்கும்போது

சாம்போனி, ஒலிம்பியா, எங்கோ எனப் பல பெயர்களில் இந்த இயந்திரங்கள் இன்று விற்பனையாகின்றன. புதியது ஒன்று ஒரு லட்சம் டாலரைத் தாண்டும். ஊர்ப் பொது அரங்கை நடத்தும் குழுக்கள் பழையதைக் கழித்துப் புதியது எடுக்கும்போது எதைப் பார்க்கின்றன? எங்கே தவறுகின்றன? நமக்குப் பயன்படும் நான்கு செய்திகளைச் சொல்கிறோம்.

முதலாவது, காலம் கடத்தாமை. கனடாவில் பெர்னி என்னும் சிற்றூரின் பொது அரங்கில் ஐஸை உறைய வைக்கும் அமோனியா இயந்திரத்தின் குளிர்விப்பான் பழையதாகி இருந்தது. 2017 வசந்தத்திலேயே கசிவு தெரிந்தது. ஆனாலும் அடுத்த பருவத்துக்கு அதையே மறுபடி இயக்கினார்கள். அக்டோபரில் அமோனியா வெளியேறி மூன்று பேர் உயிரிழந்தனர். அக்கம்பக்கத்து வீடுகளில் இருந்தவர்கள் வெளியேற்றப்பட்டனர். "இந்த வருஷம் ஓடட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்ற சொல்லுக்குக் கொடுத்த விலை அது. அமோனியாவில் ஓடும் ஐஸ் பேக்டரிகளும் குளிர்பதனக் கிடங்குகளும் நம் மாநிலத்திலும் உண்டு. அவற்றோடு தொடர்புள்ள உறுப்பினர்கள் இதை மனதில் இருத்த வேண்டும்.

இரண்டாவது, எரிபொருள். பெட்ரோல், கேஸ், பேட்டரி என மூன்று வகையிலும் இந்த இயந்திரங்கள் உண்டு. எஞ்சின் வண்டி விலை குறைவு, பழுது பார்ப்பதும் எளிது. ஆனால் மூடிய கட்டடத்துக்குள் ஓடும்போது புகைக்குப் போக்கிடம் வேண்டும். 2014 டிசம்பரில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஓர் அரங்கில் இப்படிச் சேர்ந்த கார்பன் மோனாக்சைடு வாயுவால் எழுபதுக்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தது. பேட்டரி வண்டிக்கு இந்த ஆபத்து இல்லை. ஆனால் கைமுதல் கூடுதல். சில வருடம் கழித்துப் பேட்டரி மாற்றும் செலவையும் இன்றே கணக்கில் எழுத வேண்டும்.

மூன்றாவது, கைகாவல். 2010 பிப்ரவரியில் கனடாவில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. வான்கூவர் பக்கத்தில் உள்ள ரிச்மண்ட் அரங்கில் ஆண்கள் 500 மீட்டர் வேகச்சறுக்கு. உலகமே பார்த்துக்கொண்டிருக்க, தளத்தைச் சீர்செய்ய வந்த பேட்டரி இயந்திரங்கள் சரியாக வேலை செய்யாமல் போட்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றது. பின்னர் கால்கரி நகரிலிருந்து ஓர் எஞ்சின் வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். புதுமை நல்லதுதான். ஆனால் திருநாள் வியாபாரத்துக்கு முந்தின நாள் புது இயந்திரத்தைப் பூட்டிப் பழையதை எடைக்குப் போடக் கூடாது.

நான்காவது, பழைய இயந்திரம். பெரிய அரங்குகள் கழிப்பதைச் சிறிய ஊர்கள் வாங்குவது உண்டு. இது திருப்பூருக்குப் புதிதல்ல. வெளிநாட்டுப் பழைய பின்னல் இயந்திரங்களை வாங்கி லாபம் பார்த்தவர்களும், உதிரிபாகம் கிடைக்காமல் மூலையில் போட்டவர்களும் இங்கே இருக்கிறார்கள். ஐஸ் இயந்திரத்தில் பிளேடை அடிக்கடி கழற்றிச் சாணை பிடிக்க வேண்டும். பூசும் துணியும் தேயும். வண்டியின் வயதைவிட அது எத்தனை மணி நேரம் ஓடியது, பராமரிப்பு நோட்டு இருக்கிறதா, உதிரிபாகம் எத்தனை நாளில் வரும், பழுது பார்க்க ஆள் எங்கே இருக்கிறார் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

நம் கடைக்கு வருவோம்

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். ஒரு பிரீசர் விலை 20,000 ரூபாய், நாளொன்றுக்கு 5 யூனிட் இழுக்கிறது. இன்னொன்று 26,000 ரூபாய், 3 யூனிட்தான் இழுக்கிறது. யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் இரண்டாவதில் நாளைக்கு 16 ரூபாய் மிச்சம். வருடத்துக்கு 5,840 ரூபாய். கூடுதலாகக் கொடுத்த 6,000 ரூபாய் ஒரு வருடம் சொச்சத்தில் திரும்பிவிடுகிறது. பெட்டி பத்து வருடம் ஓடினால் மீதிக் காலத்து மிச்சம் முழுவதும் நம் கல்லாவில்தான். பேரம் பேசி 500 ரூபாய் குறைத்த மகிழ்ச்சியில் இந்தக் கணக்கை நாம் போடாமல் விடுகிறோம்.

ஆகவே குளிர்பெட்டி மாற்ற நினைக்கும் உறுப்பினர்கள் கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்:

மின்சேமிப்பு நட்சத்திரக் குறி எத்தனை? வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கிறது?

கம்ப்ரசருக்கு வாரண்டி எத்தனை வருடம்? மற்ற பாகங்களுக்கு எவ்வளவு?

நம் ஊருக்கு வந்து பார்க்கும் மெக்கானிக் யார்? அழைத்தால் எத்தனை மணி நேரத்தில் வருவார்?

கரண்ட் நின்றால் எத்தனை மணி நேரம் குளிர் தாங்கும்? ஸ்டெபிலைசர் தேவையா?

பழையது என்றால், ஒரு நாள் முழுக்க ஓட விட்டுப் பார்க்க விற்பவர் சம்மதிப்பாரா?

வாங்கிய பின்னும் மூன்று வேலைகள் உண்டு. பெட்டியின் பின்புறம் காற்றோட்டம் இருக்கும்படி சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். கம்பிச்சுருளில் படியும் தூசியை மாதம் ஒருமுறை துடையுங்கள். உறைபனி கால் அங்குலம் சேரும்போதே பெட்டியை நிறுத்திக் கரைத்துவிடுங்கள். கத்தியால் குத்திப் பெயர்க்காதீர்கள், குழாய் ஓட்டையானால் கேஸ் போய்விடும்.

சங்கத்தின் பெயரில் பொதுவாக எடைமேடையோ ஜெனரேட்டரோ குளிர்பதன அறையோ வாங்கும் காலம் வந்தாலும் இதே முறைதான். வாங்கும் தொகையைத் தீர்மானமாக எழுதும் அதே கூட்டத்தில், ஆண்டுக்கு ஓட்டும் செலவு எவ்வளவு, அதை எந்த வரவிலிருந்து கொடுப்பது, பத்து வருடம் கழித்து மாற்ற மாதம் எவ்வளவு ஒதுக்குவது என்ற மூன்று வரிகளையும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். டேராடூனில் விடுபட்டது அந்த மூன்று வரிகள்தான்.

குளிர்பெட்டி பழுதானால் உருகுவது ஐஸ்கிரீம் மட்டுமல்ல, வாடிக்கையாளர் நம் கடைமேல் வைத்த நம்பிக்கையும் சேர்ந்துதான். அடுத்த கோடைக்கு முன், இந்த மாதத்திலேயே, உங்கள் பெட்டியின் வயதையும் அதற்குச் செய்த ரிப்பேர் செலவையும் பேரேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி எழுதிப் பாருங்கள். மாற்றும் நேரம் வந்துவிட்டதா என்பதை அந்தப் பக்கமே சொல்லிவிடும்.