மழையைத் தேடும் தட்டுக்கு கிரீஸ்

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரை அடுத்தடுத்து மூழ்கடித்த வெள்ளத்தையும், 2023 மார்ச் வெள்ளத்தையும் குளுவாங், சிகாமட், பத்து பகாட் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். தீபகற்பத்தின் தென்பகுதி மழையைக் கண்காணிக்க மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் ரேடார் ஒன்று குளுவாங்கில் இருக்கிறது.

வானிலை ரேடாரின் தட்டு ஒரு சுற்றை முடித்ததும் சற்று நிமிர்ந்து, வானத்தின் அடுத்த அடுக்கைத் துழாவும். 10 சென்டிமீட்டர் அலைநீள ரேடாரின் கற்றையை 1 டிகிரிக்குக் குவிக்க ஏறத்தாழ 8.5 மீட்டர் அகலத் தட்டு தேவை. நிமிடத்துக்கு 3 சுற்று என்றாலும் ஆண்டுக்கு 15 லட்சத்தைத் தாண்டும். தட்டின் பாரம் முழுவதையும் தாங்கிச் சுழல விடுவது அடியிலுள்ள வளையப் பேரிங். அது தேய்ந்து தட்டு அரை டிகிரி பிசகினால், 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மழை ஏறக்குறைய 870 மீட்டர் தள்ளித் தெரியும்.

தேய்மானத்தைத் தடுப்பது, பேரிங்கின் குண்டுக்கும் தடத்துக்கும் இடையே நிற்கும் எண்ணெய்ப் படலம். அதன் கனம் பெரும்பாலும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. கிரீஸில் பெரும்பகுதி எண்ணெய்தான். லித்தியம் சோப்பு போன்ற பொருள் அதைப் பிடித்துவைத்துச் சிறிது சிறிதாகக் கசியவிடுகிறது. நாளாக ஆக எண்ணெய் வற்றும். ஜொகூரின் ஈரக்காற்றில் நீர் சேர்ந்தால் துருவும் பிடிக்கும்.

மறுகிரீஸ் இடுவதற்கென்று ஒழுங்கு உண்டு. ஆள் மேலே ஏறுமுன் அலைபரப்பியையும் மோட்டாரையும் நிறுத்திப் பூட்ட வேண்டும். கிரீஸ் ஏற்றும் நிப்பிளைத் துடைத்து, தட்டைக் கையால் சிறிது சிறிதாகத் திருப்பியபடி, தயாரிப்பாளர் சொன்ன அளவு கிரீஸை ஏற்ற வேண்டும். வெளியேறும் பழைய கிரீஸ் பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது. உலோகத் துகள் மின்னினால் பேரிங் தேய்கிறது. வெவ்வேறு வகை கிரீஸைக் கலந்தால் கலவை இளகி ஓடிவிடலாம். அளவுக்கு மீறித் திணித்தாலும் கேடுதான்: சீல் பிதுங்கும்.

பேரிங்கை மாற்ற வேண்டிய நிலை வந்தால் தட்டையே கிரேன் வைத்துத் தூக்க வேண்டியிருக்கும். ரேடார் நாள்கணக்கில் முடங்கும். ஆகவே பராமரிப்புக்காக ரேடார் சிறிது நேரம் நிறுத்தப்படுகிறது என்று கேள்விப்பட்டால் சலித்துக்கொள்ள வேண்டாம். நவம்பரில் பருவமழை தொடங்குமுன் அந்த வேலைக்குப் பணமும் தேர்ந்த ஆளும் ஒதுக்கப்பட்டாக வேண்டும். வெள்ளத் தடுப்புச் செலவில் இதுவும் சேர்த்திதான்.